பூட்டிய டிப்போவுக்கு வந்த ஏழு பேர்

பத்தாவது ஃபெயிலான எனக்கு நன்றாக வருவது ஒன்றுதான், அடுத்தவரைக் கலாய்ப்பது. விழுப்புரத்தில், இழுத்து மூடிய ஒரு லாரி கம்பெனியின் டிப்போ வாசலில் என் குட்டியானை சரக்கு வண்டியை நிறுத்தி வாடகைக்கு ஓட்டுகிறேன். அந்தக் கம்பெனியின் பழைய டிரைவர், இப்போது ஒரு அரிசி மில்லில் வாட்ச்மேனாக இருக்கும் ஏழுமலை மாமா, டீக்கடையில் தினமும் அதன் பெருமையையே பேசுவார்.

ஒரு சனிக்கிழமை, "மாமா, கம்பெனிய திரும்ப தொறக்குறாங்களாம். திங்கக்கெழம காலைல பழைய டிரைவருங்கள வரச் சொன்னாங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், வாசலில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் ஏழு பேர். மாமா சொன்னதை நம்பி திண்டிவனம் டிப்போக்காரர்கள்கூட முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். மாமாவின் கையில், வண்டி எடுக்கும்போது சக்கரத்தடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம்.

"மேனேஜர் எங்கடா? வாட்ச்மேன் வேலைய நேத்தே உட்டுட்டேன்."

"மாமா... சும்மா சொன்னேன்."

யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். மாமா குனிந்து, நாலு பழத்தையும் என் வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்.

"ஏறுடா. இன்னா பண்ணேன்னு எங்க மில்லு ஓனர்கிட்ட நீயே வந்து சொல்லு."

சொன்னேன். ஓனர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, மாமாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

இன்றும் எல்லாரையும் கலாய்க்கிறேன். வேலை விஷயத்தை மட்டும் தொடுவதில்லை. அன்று மற்ற ஆறு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தார்கள். அவர்கள் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலைந்திருக்கவில்லை.