துவைபுவின் எருமைக்கொம்பு சைக்கிள்

மங்கோச்சி பேருந்து நிலையத்தில் ஆள் ஏற்றி சைக்கிள் மிதிக்கிற எங்களில், காலால் மிதிப்பதைவிட வாயால் அதிகம் மிதிப்பவன் துவைபு. கடையில் வாங்கிய பிரேம் மறுபடியும் முறிந்து, பயணியோடு சாக்கடையில் விழுந்த அன்று, "இனிமே என் சைக்கிள நானே கட்டிக்கிறேன்" என்று அறிவித்தான்.

வீட்டு முற்றத்தில் கரி உலை மூட்டி, ரம்பமும் அரமுமாக உட்கார்ந்தான். பழைய தண்ணீர்க் குழாய்களை அறுத்து, மூட்டுகளைப் பித்தளை உருக்கிப் பற்றவைத்தான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐயாவுக்கு அழகும் வேண்டுமே! பயணியின் இருக்கையைத் தாங்கும் இரு குழாய்களையும் எருமைக் கொம்புபோல வளைத்து, நுனிகள் பின்னால் தரையைப் பார்க்கும்படி விட்டான். வளைக்கையில் நசுங்காமலிருக்க உள்ளே மணலைத் திணித்து, நுனிகளில் மரக்கட்டை அடித்திருந்தான்.

"உள்ள இருக்கிற மணல வெளிய கொட்டிட்டியா?" என்று கேட்டாள் மனைவி அசியாத்து.

"இன்ஜினியருக்கே பாடம் எடுக்கிறியா? போய்க் களியக் கிண்டு."

வண்டி நிலையத்துக்கு வந்தது. அதைத் தூக்கிப் பார்த்த எங்கள் கூட்டத்து ஜஃபாலி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "இத மிதிக்கணுமா, மேய்க்கணுமாண்ணே?"

"இது கனமில்லடா, உறுதி!"

முதல் பயணி மீன்காரி அஜிரா. துவைபு முக்கி முனகி மிதித்தான். பாதி வழியில், குண்டு குழிகளில் குதித்த குதியில், இரண்டு கட்டைகளும் கழன்று விழுந்தன. கொம்புகளிலிருந்து மணல் சரசரவென்று கொட்டத் தொடங்கியது. பின்னால் வந்த நாங்கள் பார்த்தோம். முன்னால் போனவனுக்குத் தெரியவில்லை.

"பாத்தியாக்கா? சூடேற ஏற வண்டி எப்படிப் பறக்குது!"

அஜிரா திரும்பிப் பார்த்தாள். "பறக்கிறது இருக்கட்டும் தம்பி. உன் எருமை வழியெல்லாம் கழியுதே!"

சாலையோரம் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். துவைபு இறங்கிப் பார்த்தான். முகம் கறுத்தது, ஒரு நொடிதான்.

"புது வண்டிய இப்படித்தான் பழக்கணும். முதல்ல பாரம், அப்புறம் ஓட்டம். உங்களுக்கெல்லாம் இது புரியாது."

அசியாத்துவிடமும் இதையே சொல்லியிருக்கிறான். அவள் களியில் ஒரு பிடி மணலைத் தூவிப் பரிமாறினாளாம். "முதல்ல பாரம்" என்றாளாம்.

எங்களுக்கு எரிச்சல் என்னவென்றால், மணல் போன பிறகு அந்த வண்டி நிஜமாகவே நன்றாக ஓடுகிறது. இரண்டு மழைக்காலம் தாண்டியும் முறியவில்லை. ஜஃபாலி வெட்கத்தை விட்டு, தனக்கும் ஒரு பிரேம் கட்டித் தரச் சொல்லியிருக்கிறான்.

தினமும் காலையில் துவைபு அவனை முற்றத்தில் நிற்கவைத்து ஒரு மணி நேரம் பேசுகிறான். குழாயை இன்னும் அறுக்கவில்லை.