பச்சையாய் நின்ற ஒரு கரை

ஐம்பதுகளின் கடைசியில், பதுளையில் ஒரு கைப்பணிப் பள்ளியில் மட்பாண்ட ஆசிரியையாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து போன புதிது. கப்பலில் வந்த மின்சூளை ஒன்றை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். என் தலைக்கனத்தை ஏன் கேட்கிறீர்கள், அதற்குத் தூசி தட்டக்கூட வேறு யாரையும் விடமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை, நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாச் சமையல்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சுற்றிக் கொண்டுவந்த துவாயைப் பிரித்தால், இரத்தச் சிவப்பில் ஒரு ஜாடி மூடி, மூன்று துண்டாக. கை தவறிவிட்டதாம். ஜாடி, தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணிக்குத் தன் தாயார் கொடுத்தது. துரைசாணி சீமையிலிருந்து திரும்ப ஒரு மாதம் இருந்தது. அதற்குள் மூடி கிடைக்காவிட்டால் வேலையும் போகும், வேலையோடு கிடைத்த வீடும் போகும். வீட்டில் கைக்குழந்தை வேறு.

"இதென்ன பெரிய வேலை, அடுத்த சனி வாங்கோ" என்றேன்.

அதே அளவில் மூன்று மூடிகள் புதிதாக வனைந்து, சிவப்புக்கான பூச்சிட்டு, ஒன்றைச் சுட்டேன். பச்சை நிறமாக வந்தது. இன்னொன்றைச் சுட்டேன், அதுவும் பச்சை. அந்தப் பூச்சில் இருப்பது செம்பு. காற்றோடு வெந்தால் பச்சை, புகை சூழ்ந்து காற்றை அடைத்தால்தான் சிவப்பு. மின்சூளையில் புகை மருந்துக்கும் கிடையாது. புகை போட்டால் சூடாக்கும் கம்பிகள் கெட்டுவிடும் என்று கூடவே வந்த புத்தகம் சொன்னது. கம்பி போனால் என் உத்தியோகமும் போன மாதிரிதான். சொன்ன சனிக்கிழமை வந்தவரிடம் "ஏலாது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே வந்து நின்றார். கக்கத்தில் ஒரு கட்டு மிலாறு, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சி, நன்றாகக் காய்ந்தது.

"கரண்ட நிப்பாட்டிட்டு, அந்தச் சூட்டுலயே இதப் போட்டுப் பாப்போங்களா டீச்சர்? மீனுக்கு நான் பொகை போடுறது அப்படித்தாங்க. தணல் இருக்கும், நெருப்பு இருக்காது."

புத்தகத்தை வரி விடாமல் படித்த எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அன்றே மிஞ்சியிருந்த மூடியைச் சூளையில் வைத்தேன். பூச்சு உருகியதும் மின்சாரத்தை நிறுத்தி, சூடு சற்று இறங்கியபின் பார்க்கும் துளை வழியாகக் குச்சிகளை நுழைத்து, ஒவ்வொரு தடவையும் களிமண்ணால் அடைத்தோம். கிளம்பிய புகையைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் வாளித் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார்கள். எனக்குக் கம்பி நினைவு வந்து, போதும் என்று துளையை அடைத்துவிட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் போடலாங்க" என்றார் சமையல்காரர். பாதிக் கட்டு மீதமிருந்தும் நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை, மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு நேரே வந்தார். திறந்தோம். சிவப்பு. ஒரு கரையில் மட்டும் விரலகலம் பச்சை. கம்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் அழுதார், நானும்தான்.

துரைசாணி வந்த வாரமே சமையல்காரர் சேதி சொல்ல வந்தார். பச்சையை அந்தம்மா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாராம். இவர் நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

"பச்சைய முன்னுக்குத் தெரியிற மாதிரி வையின்னுட்டாங்க டீச்சர். வேல இருக்குங்க."

இன்றைக்கும் யாரிடமாவது 'ஏலாது' என்று சொல்ல வாயெடுத்தால், அவர் போடச் சொன்னபோது நான் பயந்து நிறுத்தியதால் பச்சையாகவே நின்றுவிட்ட அந்த விரலகலக் கரை என் கண்முன் வந்துவிடுகிறது.