பத்து சக்கரமும் இரண்டு எலுமிச்சம்பழமும்

'பொம்மை' என்று யாராவது சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். விருந்தாளியாக வந்தவராக இருந்தாலும் சரி, கம்பெனி மேனேஜராக இருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே திருத்திவிடுவேன். நான் செய்வது லாரி. நிஜ லாரியில் பதினாறில் ஒரு பங்கு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கதவு திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். குனிந்து அடியில் பார்த்தால் டீசல் டேங்க், ஸ்டெப்னி டயர் எல்லாம் அததன் இடத்தில் இருக்கும். இதைப் போய் பொம்மை என்றால் வயிறு எரியுமா எரியாதா?

மறைமலைநகரில் எங்களுக்கு ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு. அந்தப் படுக்கையறையில் பாதி என் ஒர்க் ஷாப். மீதிப் பாதியில் தானும் ஒண்டிக்கொண்டிருப்பதாக என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பகலில் எனக்கு உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. லாரிக்குப் போகிற ஒரே ஒரு இரும்புத் துண்டைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அளந்துகொண்டே இருப்பேன். அந்தத் துண்டு லாரியில் எங்கே போய் உட்காருகிறது என்று யாரும் காட்டியதில்லை. அந்தக் கடுப்போ என்னவோ, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு முழு லாரி வேண்டும்.

கடையில் கிட் வாங்கிச் செய்கிற ஆள் நான் இல்லை. நம்ம ஊர் லாரிக்குக் கிட்டே கிடையாது. பேனர் கடையில் மிச்சம் விழுகிற சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் அட்டைதான் கேபினுக்கும் பாடிக்கும். டயருக்கு ஹவாய் செருப்பு. வீட்டில் எந்தச் செருப்பு தேய்கிறது என்று நான் ஒரு கண் வைத்திருப்பது மனைவிக்குத் தெரியும், அதனால் குளித்துவிட்டு வந்ததும் முதலில் செருப்பைத்தான் தேடுவாள். கிழிந்த குடைத்துணி தார்ப்பாய் ஆகும். ஐஸ்கிரீம் கரண்டியை நீளவாக்கில் சீவி அடுக்கினால் கமான் பட்டை, அதாவது லாரியின் பாரத்தை அச்சுக்கு மேல் தாங்குகிற வில் மாதிரியான அடுக்கு. சும்மா சொல்லக் கூடாது, கிட்டத்தில் வைத்துப் பார்த்தாலும் கரண்டி என்று யாரும் கண்டுபிடித்ததில்லை.

என்னை மாதிரி கிறுக்குப் பிடித்தவர்கள் சில பேர் சேர்ந்து அவ்வப்போது மகாபலிபுரத்தில் ஒரு சின்ன ஹாலில் கூடுவோம். அவரவர் வண்டியை மேஜையில் வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு அடுத்தவர் வண்டியில் குறை தேடுவோம். படூர் அபார்ட்மெண்டிலிருந்து ஒருவர் வருவார், வெளிநாட்டுக் கிட்டில் செய்த நீள மூக்கு அமெரிக்க லாரிகளைக் கொண்டுவருவார். பளபளவென்று இருக்கும், சேற்றில் கால் வைக்காத லாரிகள். அவர் என் வண்டிகளைப் பார்த்துப் பிரமாதம், அற்புதம் என்றெல்லாம் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது யோசிப்பேன், இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது லாரியில் ஏறியிருப்பாரா? லாரிக்காரன் ஒருவன் சொல்ல வேண்டும் எனக்கு. குறிப்பாக ஒரே ஒரு லாரிக்காரர்.

அவர் என் சகலை, மனைவியின் அக்கா புருஷன். செய்யூர் பக்கம் சொந்தமாக ஒரு பத்து சக்கர லாரி வைத்திருக்கிறார், தானே ஓட்டுகிறார், சவுக்குக் கட்டை லோடு அடிக்கிறார். எங்கள் மாமியார் அவர் வீட்டில்தான் இருக்கிறார். சகலைகள் இரண்டு பேர் ஒரே மாமியார் கையால் சாப்பிட உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். யார் இலையில் பெரிய மீன் துண்டு விழுகிறது என்று இரண்டு பேருமே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்போம். பெரிய துண்டு எப்போதும் அவருக்குத்தான் விழும். அவர் லோடு அடிக்கிறவராம், உடம்புக்கு வேண்டுமாம்.

நான் முதன்முதலில் செய்த லாரியை ஒரு பொங்கலுக்கு அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கினார், திருப்பினார், அடியில் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொம்மை சோக்கா கீது சகல. பேட்டரி எங்க போடணும்?"

வீடே சிரித்தது. என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், இன்னா சகல, பொம்மை எல்லாம் நல்லா கீதா என்றுதான் விசாரிப்பார், பிள்ளைகளை விசாரிப்பது போல. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லா இருக்கு என்பேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் லாரியையே செய்துவிடுவது. ஊரில் இருக்கிற ஏதோ ஒரு லாரியைச் செய்தால்தானே பொம்மை என்பார்? தான் தினம் ஏறி இறங்குகிற வண்டியை, அதன் ஒவ்வொரு நசுங்கலோடும் கண்ணெதிரே வைத்தால் என்ன சொல்வார்? எப்படிச் சொல்வார் அந்தச் சொல்லை? அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று கிளம்பினேன்.

அளவெடுக்க டேப்போடு போனபோதே தகராறு. பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் டேப்பை வைத்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. இப்படி நீட்டி அளப்பது பிணத்துக்குத்தான், ஓடுகிற வண்டியை யாராவது அளப்பார்களா என்று சத்தம் போட்டார். மாமியார் நடுவில் புகுந்து, அளவு எடுத்ததும் வண்டிக்குச் சூடம் சுற்றிப்போட்டுவிடலாம் என்று சமாதானம் செய்தார். நான் அளந்துகொண்டே வர, மாமியார் பின்னாலேயே சூடத்தட்டோடு வந்தார்.

வண்டியைச் செய்து முடிக்க வெகுநாள் பிடித்தது. சவுக்கு மிளாறை அவர் ஊரிலிருந்தே பொறுக்கி வந்து, துண்டு துண்டாக நறுக்கிக் கட்டி லோடு ஏற்றினேன். சக்கரத்தில் அப்புவதற்கு அவர் வீட்டு வாசல் மண்ணையே எடுத்துவந்து டீ வடிகட்டியில் சலித்தேன். அன்று முழுக்க எங்கள் வீட்டு டீயில் செய்யூர் வாசம். கேபின் நெற்றியில் அவர் எழுதிவைத்திருக்கிற மாமியார் பெயரை எழுதினேன். ஆமாம், லாரிக்கு மாமியார் பெயர். மீன் துண்டு யாருக்கு விழும் சொல்லுங்கள்! டிரைவர் பக்கக் கதவில், கண்ணாடிக்குக் கீழே, அவர் வெற்றிலை போட்டுத் துப்பித் துப்பி ஒரு சிவப்புக் கறை கோடாக வழிந்திருக்கும். அதையும் விடவில்லை. மனைவி பார்த்துவிட்டு, அழி, அவர் கோபித்துக்கொள்வார் என்றாள். மாட்டேன் என்றேன். அந்தக் கறை இல்லாவிட்டால் அது அவர் வண்டியே இல்லை.

ஆயுத பூஜை அன்று அட்டைப் பெட்டியில் பஞ்சு சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மனைவியோடு செய்யூருக்கு பஸ் ஏறினேன். பெட்டி மேல் யாரும் சாயாமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

போய்ச் சேர்ந்தபோது பூஜை தொடங்குகிற நேரம். பெரிய லாரியைக் கழுவி, பம்பரின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து என் வண்டியை ஒரு நாற்காலியில் வைத்தேன். சகலை தூரத்திலிருந்து பார்த்தார். கிட்டே வந்தார். குனிந்தார். அந்த வெற்றிலைக் கறையில் அவர் கண் நின்றது. பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சகலை பேட்டரி பற்றிக்கூடக் கேட்கவில்லை. சூடம் ஏற்ற நேரமாயிற்று என்று போய்விட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மாமியார் மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தன் பெயரைப் பார்த்துவிட்டாரே, விடுவாரா? நாற்காலியில் இருந்த லாரியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய லாரிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். என் பெயிண்டு மேல் சந்தனத்தை அப்பினார். எனக்குப் பதறியது, ஆனால் மாமியார் பூஜையில் நான் என்ன சொல்ல முடியும்? பெரிய லாரியின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்தவர், கூடையில் துழாவி இருப்பதிலேயே சின்னதாக இரண்டு பழம் எடுத்து என் லாரியின் முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் வைத்தார்.

சகலை பூசணிக்காய் உடைத்துவிட்டு, மேலே ஏறி, பெரிய வண்டியை எடுத்தார். பழங்கள் பச்சக் பச்சக்கென்று நசுங்கின. நாலு அடி போய் நிறுத்திவிட்டு இறங்கிவந்தார். எல்லோரும் பொரி வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தோம். அவர் கண் கீழே போனது. என் லாரிக்கு அடியில் இரண்டு பழமும் அப்படியே இருந்தன.

நசுங்காமல் விட்டால் ஆகாது என்று சொல்லிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மெதுவாகத் தள்ளினார். சக்கரம் பழத்தின் மேல் ஏறி, வழுக்கி, பழம் உருண்டு ஓடியது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் ஓடியது. மூன்றாவது தடவை வண்டியைப் பழத்தின் மேல் சரியாக நிறுத்தி, கேபின் மேல் உள்ளங்கையை வைத்து, இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கையால் ஒரு அழுத்து அழுத்தினார்.

பழம் நசுங்கவில்லை. டப்பென்று சத்தம். முன்பக்கம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது, சக்கரம் ஒன்று தனியாக உருண்டு பொரித்தட்டில் போய் முட்டியது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. மூத்தவர், மாமியார் பார்க்கிறார், பூஜை நேரம், எதுவும் நினைவில்லை.

"யோவ், பொம்மையைப் போயி யாராவது இந்த அமுக்கு அமுக்குவாங்களா?"

சொல்லி முடித்ததும்தான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னையா யோவ் என்று கூப்பிட்டாய் என்று சகலை கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. சந்தனம் ஒட்டின தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் செத்துப்போயிருந்தது.

"பொம்மைன்னு ஞாபகமே வரல சகல," என்றார். "வண்டின்னு நெனச்சி அமுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடைந்த வண்டியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒருத்தன் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியுமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மகாபலிபுரம் ஹாலில் இத்தனை நாள் கேட்ட பிரமாதம், அற்புதம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. நான் சிரிப்பதைப் பார்த்து அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஆளுக்கு என்னமோ ஆகிவிட்டது, தண்ணி கொடு என்று பொண்டாட்டியை விரட்டினார்.

அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே குப்புறப் படுத்தார். செல்போன் லைட்டை அடித்து அடியில் பார்த்து, மெயின் பட்டை போய்விட்டது, அச்சு தப்பித்தது என்று பெரிய வண்டிக்குச் சொல்வது போலவே சொன்னார். எந்த இரும்பு போட்டாய் என்று கேட்டார். ஐஸ்கிரீம் கரண்டி என்றேன். தலையில் அடித்துக்கொண்டார், சவுக்கு லோடு ஏற்றுகிற வண்டிக்கு ஐஸ்கிரீம் கரண்டியா என்று திட்டினார். எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. கிரீஸ் வந்த தடித்த டப்பா ஒன்றை எடுத்துவந்து, அதன் மூடியைக் கத்தரிக்கோலால் பட்டை பட்டையாக வெட்டிக் கொடுத்தார். நான் அடுக்கி ஒட்டினேன். மாமியார் இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், வண்டி பட்டை உடைந்து நிற்கும்போது சோறு இறங்குமா என்று சகலை பதில் சொன்னார்.

பசை காய்ந்ததும் சக்கரத்தை மாட்டினோம். பூஜையை அரைகுறையாக விடக் கூடாது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். பட்டை போகாமல் பழத்தை நசுக்குவது எப்படி என்று எல்லோரும் யோசித்தோம். கடைசியில் மாமியார்தான் அரிவாள்மணையைக் கொண்டுவந்து, இரண்டு பழத்தையும் பாதி வரைக்கும் கீறி, சக்கரத்துக்கு அடியில் வாகாக வைத்தார்.

சகலை என்னை முன்னால் போகச் சொன்னார். நீதானே டிரைவர் என்றார். நான் மண்டியிட்டு, கேபினை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். அவர் பின்பக்கம் போய் உட்கார்ந்து, சக்கரத்தைப் பார்த்து, வர்ட்டும், வர்ட்டும், கொஞ்சம் லெஃப்ட்டுல வாங்கு என்று கையை ஆட்டினார். லாரி ஓனர் எனக்குக் கிளீனர் வேலை பார்த்தார். புதுப் பட்டை வளைந்து கொடுத்தது, வண்டி ஏறி இறங்கியது, பழம் இரண்டும் நசுங்கி என் கையெல்லாம் சாறு.

அவர் பின்பலகையை விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டினார்.

"போலாம், ரைட்."

நான் கேட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன்.