மேற்குப் பக்கத்துக் கோட்டைச் சுவர்

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் ஆட்டோக்காரர்கள் "அந்தக் கோட்ட வீடா?" என்று கேட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது. மூன்றரை சென்ட் மனையில் ஒரே ஒரு தளம் கட்டி, அதன் தலையில் கோட்டை வேஷம் போட்டுவிட்டால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். என்னை உறுத்துவது அது இல்லை. அந்த வீட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாண வரவேற்பு பேனர் என்றால் மணமக்களுக்குப் பின்னால் ஒரு கோட்டையை ஒட்டுவது எங்கள் கடை வழக்கம். உருண்டைக் கோபுரம், பல் பல்லாக வெட்டிய மதில், பின்னால் மேகம். அது எந்த நாட்டுக் கோட்டை என்று எனக்கும் தெரியாது, கட்டிக்கொள்கிறவர்களுக்கும் தெரியாது. பதினைந்து வருஷம் அடுத்தவன் தலைக்குப் பின்னால் கோட்டை ஒட்டியவன், சொந்தமாக மனை வாங்கியதும் வேறு எதை நினைப்பேன்? அதுவரைக்கும் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஏழு குடித்தனத்துக்கு ஒரு குழாய். காலையில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது நிமிர்ந்தால் கோட்டைதான் தெரியும்.

கடைக் கம்ப்யூட்டரிலேயே என் வீட்டை வரைந்தேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"கோட்ட எல்லாம் சரிதான். அடுப்படிக்கு ஒரு ஜன்னல் பெருசா வைங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

கையில் இருந்த காசுக்கு இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு அடுப்படி கட்டலாம். கோட்டை கட்ட முடியாது. ஆனால் கோட்டை மாதிரி கட்டலாம் என்று கண்டுபிடித்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக வருகிறது. கல் வேண்டாம், பூச்சு ஈரமாக இருக்கும்போதே கம்பியால் கோடு கிழித்தால் கல் அடுக்கினது போல இருக்கும். கோட்டைக்கு ஜன்னல் சின்னதாக இருப்பதுதானே லட்சணம், கிரில் செலவு மிச்சம். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற இடத்தில் ஒரு பழைய இரட்டைக் கதவு கிடைத்தது. பட்டறையில் கொடுத்துக் குமிழ் குமிழாக இரும்பு அடித்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு வட்டச் சுவர் எழுப்பினால் அதுவே கோபுரம். அடுப்படி ஜன்னலையும் சின்னதாக்கிவிட்டேன். 

மாடிக்குத்தான் காசு இல்லை. மாடி இல்லாத கோட்டை எப்படி இருக்கும்? மாட்டுக் கொட்டகைக்குக் கிரீடம் வைத்தது போல இருக்கும். யோசித்து யோசித்து, மாடி வேண்டாம், மாடி இருப்பதுபோலக் காட்டச் சுவர் போதும் என்று முடிவு செய்தேன். மொட்டை மாடியின் மேற்கு ஓரத்தில், கோபுரத்திலிருந்து கடைசி வரை, பத்தடி உயரத்துக்கு ஒற்றைச் செங்கல் சுவர். மேலே பல் வெட்டு. பின்னால் ஒன்றுமே கிடையாது. பழனி ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்புகிறவர்கள் முதலில் பார்ப்பது மேற்குப் பக்கம்தான்.

மனை பார்க்க வந்த பெரியவர், "மேக்காலயும் தெக்காலயும் ஒசந்திருக்கணும், கன்னி மூல எல்லாத்தையும்விட ஒசரமா இருக்கணும்" என்று சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். நான் ஆசைப்பட்டதைச் சாஸ்திரமே சொல்லிவிட்டது. அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் 'வாஸ்து' என்று ஒரு வார்த்தையில் வாயை அடைத்துவிடலாம் அல்லவா? அடைத்தேன்.

மேற்குப் பக்கத்து மனையில் ஒரு தளத்து வீடு. அதில் இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் இல்லை. கூழ் வடகம் போட்டு விற்றுத்தான் பிழைத்தாள். கருக்கலில் எழுந்து கூழ் காய்ச்சி, ஆறு மணிக்கெல்லாம் மாடியில் ஈர வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே போவாள். காலை வெயில் பட்டால்தான் கூழ் சீக்கிரம் இறுகும். சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் கழன்று வரும். வெயில் தாமதமானால் புளித்துவிடும். நான்கைந்து மெஸ்களும் ஊருக்குள் சில மளிகைக் கடைகளும் அவளிடம்தான் வாங்கின.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளிடம்தான் தண்ணீர் கேட்டுப் போனேன். எங்கள் மனையில் போர் போடக் காசு ஒதுக்கவில்லை. லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டினால் கோபுரத்துக்கு வைத்த காசு போய்விடும். அவள் வீட்டு போரில் நல்ல தண்ணீர்.

"எடுத்துக்கங்கண்ணே, தண்ணியில என்ன இருக்கு. கரண்டுக்கு மட்டும் பாத்துக் குடுங்க" என்றாள். என் மனைவியை முதல் நாளே மதினி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடி போட்ட அன்று கொத்தனார் என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இம்புட்டு ஒசரம் எழுப்புனா அந்தம்மா மாடியில பதினோரு மணி வரைக்கும் வெயிலு விழாது. மூணடியோட நிறுத்திக்கிருவமா?"

"வாஸ்துவுக்குக் கட்டுறது. நீங்க வேலையப் பாருங்க. அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்திருந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்வேன், ஆனால் என் சத்தியத்துக்கு இப்போது என்ன மதிப்பு? அன்று சாயங்காலம் அவளே வந்தாள். வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, கையில் ஒட்டியிருந்த காய்ந்த கூழை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் எம்புட்டு ஒசரம் வரும்?"

எங்களுக்கு நடுவில் அவள் வீட்டிலிருந்து என் மனைக்கு இழுத்த பச்சைக் குழாய் கிடந்தது. பத்தடி என்று சொன்னால் நாளைக்கு அந்தக் குழாய் இருக்காது என்று தோன்றியது. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய் முந்திக்கொண்டது.

"கைப்பிடிச் சுவருதான் தங்கச்சி. இடுப்பு ஒசரம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எட்டு மாதத்தில் வீடு எழுந்தது. கடைசியாக எழுந்தது அந்தச் சுவர். அது இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, தலையைத் தாண்டியபோது அவள் தன் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தெருவில் எதிரே வந்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன்.

"கொத்தனார் ஏத்திப்புட்டாரு தங்கச்சி. நான் கடைக்குப் போன நேரமாப் பாத்து ஏத்திப்புட்டாரு."

என் முகத்தைப் பார்த்தாள். "சரிண்ணே" என்றாள். அடுத்த ஒரு வாரம் சுவர் காயாமல் நனைக்க வேண்டும். அதற்கும் அவள் வீட்டிலிருந்துதான் தண்ணீர் வந்தது. அவள் வெயிலை மறைத்த சுவர் அவள் தண்ணீரைக் குடித்துத்தான் கெட்டிப்பட்டது. குழாயைப் பிடித்து நனைத்தவன் நான்.

பால் காய்ச்சிய அன்று பந்திக்கு ஒரு பெரிய டின் நிறைய வடகம் கொண்டுவந்து கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். சாப்பிட்டவர்கள் எல்லாரும் வடகத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். எனக்கு இலையில் விழுந்ததை நான் ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

மாசி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் நடக்க வேண்டியது நடந்தது. ஆறு மணிக்கு ஊற்றிய கூழ் பதினோரு மணி வரை எங்கள் கோட்டையின் நிழலில் கிடந்தது. நிழலின் மேல் விளிம்பு பல் பல்லாக அவள் வேட்டியின் மேல் விழும். அந்த நிழல் நகர நகர அவள் துணியை இழுத்து இழுத்துப் போடுவாள். இரண்டு வாரத்தில் மெஸ்காரர் ஒருவர் புளிக்கிறது என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினார். பங்குனியில் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். சித்திரையில் அவள் மாடி காலியாகக் கிடந்தது. வடகத்துக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஊர் எல்லைக்கு அப்பால் இருக்கும் நூல் மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஏழு மணிக்கு வேன் வரும்.

அப்போதாவது இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. ஏனென்றால் என் சுவர் பிரபலமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கிற ஜோடிகள் தேடிவந்து அதன் முன்னால் நின்றார்கள். பேனரில் ஒட்டுவதற்குக் கோட்டை தேடியவன் வீட்டுக்கே ஆட்கள் கோட்டை தேடி வந்தார்கள். எனக்கு அது பெரிய போதையாக இருந்தது. அந்த ஜோடிகளை மாடிக்கு நானே அழைத்துப் போவேன். சுவருக்கு அந்தப் பக்கத்தை மட்டும் நினைக்க மாட்டேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் மனைவி கேட்டாள். அடுப்படியின் சின்ன ஜன்னல் வழியாக அந்த வேன் போவது தெரியும்.

"நெசமாவே கொத்தனார்தான் ஏத்துனாரா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.  அன்று அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள், தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை நானேதான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு ஆளு, ஒரு நாள் வேல சார்" என்றார்.  அதற்கு மேல் சொல்லவும் அவருக்கு நிறைய இருந்திருக்கும்.

ஒரே நாளில் சுவர் போய்விட்டது. இடுப்பு உயரத்தோடு நிறுத்தச் சொன்னேன். நான் அவளிடம் சொன்ன அதே உயரம்.

மறுநாள் காலையில் மாடியில் நின்று பார்த்தேன். ஏழு மணிக்கு முன்னாலேயே அவள் மாடியில் வெயில் விழுந்துவிட்டது. பத்து நாள் காத்திருந்தேன். அவள் வேட்டியை விரிக்கவில்லை. பதினோராவது நாள் வேனுக்குப் போய் நின்றவளிடம் நானே போனேன்.

"வெயிலு வந்துருச்சு தங்கச்சி. திரும்பவும் வடகம் போடலாமே?"

"ஆரு வாங்குவாண்ணே? எல்லாரும் வேற எடம் பாத்துக்கிட்டாங்க. ஒருக்கா புளிப்புன்னு பேராயிட்டா அம்புட்டுத்தான்."

கோபமே இல்லாமல் சொன்னாள்.  ஏறக்குறைய இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நீ கேட்டப்ப நான் பொய் சொன்னேன்மா. பத்தடின்னு எனக்குத் தெரியும். கொத்தனார் மேல பழி போட்டதும் பொய்தான்."

அவள் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"தெரியும்ணே. கயிறு கட்டுன அன்னைக்கு மத்தியானமே கொத்தனார் எங்கிட்டச் சொல்லிப்புட்டாரு. 'பத்தடி வருதும்மா. தெருக்கோடி தோப்புக்காரர் களம் சும்மாதான் கெடக்கு, இப்பவே பேசி வச்சுக்க'ன்னாரு. அங்கதான் கெளம்பினேன். போற வழியில ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்னு வந்தேன். நீங்க இடுப்பு ஒசரம்னீங்க."

"அப்ப களம்?"

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வீட்டுக்குத் திரும்பிட்டேன். அடுத்த மாசமே தோப்புக்காரர் அத வேற ஆளுக்கு விட்டுட்டாரு."

வேன் வந்து நின்றது. வழக்கம்போல "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். நான் திரும்பி நடந்தபோது அவள் மாடி முழுக்க நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.