தழும்பு இல்லாத முகம்

இன்று காலை தாராவி ஸ்டுடியோவில் என் மனைவியின் படத்தைப் பெரிதாக்கி வாங்கப் போனேன். அவள் இறந்து நாற்பது நாளாகிறது.

"மதினி முகத்துல இருந்த அம்மைத் தழும்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன் அண்ணாச்சி. எப்படி இருக்காவ பாருங்க!" என்றார் கடைக்காரர்.

"யாரக் கேட்டு எடுத்தீரு? திரும்ப வையும்" என்றேன்.

அறுபதுகளில் இதே தாராவியில் எனக்குப் பெரியம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகிய அன்றே, கூட இருந்த சொந்தக்காரர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லை.

மூன்றாம் நாள் பக்கத்துக் குடிசைப் பெண் கஞ்சியோடு உள்ளே வந்தாள்.

"எனக்குச் சின்னதுலயே வந்துட்டுப் போயிட்டு. இனி வராது. வாயத் தொறயும்" என்றாள்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை தினமும் வந்தாள். அந்தத் தழும்புகள் இல்லையென்றால் அவளும் வந்திருக்க முடியாது. நானும் பிழைத்திருக்க மாட்டேன். அதே தழும்புகளைக் காரணம் காட்டித்தான் என் சொந்தக்காரர்கள் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை.

"மாலை போடுத படம், அழகா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார் கடைக்காரர்.

"அழகாத்தான் இருந்தா" என்றேன்.

சாயங்காலம் அவள் முகத்தோடு படம் வீட்டுக்கு வந்துவிட்டது. அன்று கல்யாணத்துக்கு வராதவர்களில் யாராவது மிச்சமிருந்தால், இப்போதாவது வந்து பார்க்கலாம். பயப்பட வேண்டாம், தழும்பு தொற்றாது.