வாரண்டி பார்க்க வருகிறவர்

கிரீட்பாய் ஓசா மொட்டை மாடிக்கு வந்ததும் சோலார் தகடுகளைப் பார்ப்பதில்லை. முதலில் கைப்பிடிச் சுவரைப் பார்ப்பார். அதில் சிக்கிக் கிடக்கிற மாஞ்சா நூலைப் பார்ப்பார். கொடிக்கயிறு எங்கே கட்டியிருக்கிறது, தண்ணீர்த் தொட்டி புதிதா பழையதா, மூலையில் கரும்புச் சக்கை காய்ந்து கிடக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அதற்குள் வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "தகடு இந்தப் பக்கம், பாய்" என்று பல தடவை சொல்லியிருப்பார். "அது எங்க போயிடப் போகுது?" என்று சொல்லிவிட்டுக் கிரீட்பாய் குடிக்கத் தண்ணீர் கேட்பார்.

தகடு செய்கிற கம்பெனி ஒன்றுக்கு, குஜராத்தில் பாவ்நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாரண்டி பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான். "தகடு கெட்டுப்போச்சு, மாத்திக் கொடுங்க" என்று யாராவது எழுதிப் போட்டால், கெட்டுப்போனது தகட்டைச் செய்தவனாலா, மாட்டியவனாலா, வீட்டுக்காரராலா என்று இவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு. கழுத்துவரை ஒரு நிறம், சட்டைக்குள் வேறு நிறம். தோளில் தொங்குகிற பையில் சூட்டைப் படம்பிடிக்கிற கேமராவும் ஒரு மீட்டரும், கண்ணாடியைத் துடைக்கப் பழைய பனியன் துணியும் இருக்கும்.

இந்த ஊரில் தகடு விற்கிறவர்கள் வாய் கூசாமல் "இருபத்தஞ்சு வருஷ வாரண்டி" என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் அதை அப்படியே மனதில் முடிந்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு கிரீட்பாய் போய் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

"இருபத்தஞ்சு வருஷம்னு சத்தியம் பண்ணினானே!"

"அது கரண்டுக்கு, பென்" என்பார் கிரீட்பாய். பென் என்றால் அக்கா. "வருஷம் ஆக ஆகத் தகடு கொஞ்சம் களைக்கும். இந்த அளவுக்குக் கீழ களைக்காதுன்னு சொன்னதுதான் அந்த இருபத்தஞ்சு. தகட்டையே தப்பா செஞ்சிருந்தா மாத்திக் கொடுக்கறது வேற வாரண்டி, அதுக்கு வருஷம் கம்மி. கீழே செவுத்துல இருக்கே இன்வெர்ட்டர் பெட்டி, அது வேற கம்பெனி, அதுக்குத் தனி. மாட்டினவன் கைவேலைக்கு அவன் கொடுத்தது இன்னொண்ணு."

"அப்போ எதுக்குய்யா நாங்க பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கினோம்?"

"எருமை வாங்கறீங்கன்னு வைங்க. பால் இவ்வளவுக்குக் குறையாதுன்னு வித்தவன் சொல்வான். பிறவியிலேயே கோளாறு இருந்தா திருப்பி எடுத்துக்குவான். நீங்க கட்டையால அடிச்சு அது காலை ஒடிச்சுட்டுக் கூப்பிட்டா வருவானா?"

எருமை என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிடும். புரிந்த கையோடு முகமும் மாறிவிடும். "நாங்க அடிக்கலையே" என்பார்கள்.

அடித்தவர்கள்தான் அதிகம். சிஹோரில் ஓர் அம்மாள், 'இவ்வளவு சூடு வீணாப் போகுதே' என்று தகடு நெடுக அப்பளம் காயவைத்திருந்தாள். கரண்டு குறைகிறது என்று புகார் கொடுத்தவளும் அவள்தான். காளியாபீடில் ஒரு பெரிய மனிதர் உப்புத்தண்ணீர்க் கறை போகவில்லை என்று பாத்திரம் துலக்குகிற கம்பி நாரால் கண்ணாடியைத் தேய்த்துத் தள்ளியிருந்தார். இன்னொருவர் தகட்டுக்குத் தெற்கே புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி நிழலை வரவழைத்துவிட்டு, "சூரியன் முந்தி மாதிரி இல்ல, பாய்" என்றார். எல்லோருக்கும் கிரீட்பாய் சொல்கிற பதில் ஒன்றுதான். "இது வாரண்டில வராது." அதை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்.

இப்படி இல்லை, வராது என்றே சொல்லித் திரிகிற மனிதருக்கு ஊரில் யார் இடம் கொடுப்பார்கள்? காலையில் காட்டியா என்கிற கடலைமாவுப் பலகாரம் விற்கிற கடைக்கு அவர் வந்தால், "டேய், உன் மாடியை மூடி வை, ஆளு வந்தாச்சு" என்று ஒருவன் சொல்வான். கடையே சிரிக்கும். கிரீட்பாயும் சிரிப்பார், மற்றவர்களைவிடப் பலமாகவே. பிறகு பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பிவிடும். அவர் வறுத்த மிளகாயைக் கடித்துக்கொண்டு தம் காட்டியாவைத் தின்றுவிட்டு எழுந்து போவார்.

கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் பெண் பார்க்கிற வயது போய்விட்டது. தம்பி சூரத்தில் வைரப் பட்டறையில் இருக்கிறான். தீபாவளிக்குப் போன் வரும். தரைத்தளத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. சாயங்காலம் இரண்டு கப் டீ போட்டு இரண்டையும் தானே குடிப்பார். ஒரு கப் போட்டால் பாத்திரம் தீய்ந்துவிடுகிறதாம். தனிமை அவருக்குப் பழகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். பழகவில்லை. வாசலில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் இன்றுவரை அவர் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறார்.

எல்லாவற்றையும்விட, நம் பொங்கல் சமயத்தில் அங்கே வருகிற பட்டத் திருவிழாவான உத்தராயண்தான் அவருக்குக் கஷ்டம். வருஷம் முழுக்க ஊரார் மாடியில் நிற்கிற மனிதர், ஊரே மாடியில் நிற்கிற அந்த இரண்டு நாளும் கீழே இருப்பார். பட்டம் தகட்டில் போய் விழும், சின்னப் பிள்ளை ஏறி எடுக்கும், மாமா எட்டி மிதிப்பார். அதையெல்லாம் அவர் கண்முன்னால் செய்ய யாருக்குத் துணிச்சல் வரும்? சீட்டாட்டத்துக்குப் போலீஸ்காரரைக் கூப்பிடுவார்களா என்ன? மாடிகளில் பாட்டும் கூச்சலும் கிளம்பும்; கிரீட்பாய் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

இந்த வருஷம் எதிர்வரிசைக்கு மகுவாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பிளைவுட் கடை வைத்திருக்கிற வினுபாய், மனைவி இலாபென், கல்லூரிக்குப் போகிற மகள் ரிங்கல். உத்தராயண் காலையில் இலாபென் தன் மாடியிலிருந்து கையை ஆட்டினாள்.

"பாய்! கீழே நின்னு எத்தனை நேரம்தான் வானத்தைப் பார்ப்பீங்க? மேலே வாங்க, வானம் இங்கதான் இருக்கு!"

யாரைக் கூப்பிடுகிறாள் என்று கிரீட்பாய் பின்னால் திரும்பிப் பார்த்தார். சந்தில் வேறு யாரும் இல்லை.

மாடியில் பத்துத் தகடுகள். கம்பெனிப் பெயரைப் பார்த்தார், தம் கம்பெனிதான். "என்ன வேலை, மோட்டாபாய்?" என்று வினுபாய் கேட்டார். மோட்டாபாய் என்றால் அண்ணன். அவரை அப்படி ஒருவர் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! "ஒரு கம்பெனில" என்று சொல்லிவிட்டு, கிரீட்பாய் தகடுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அங்கே இலாபென்னின் தம்பி கேதனும் இருந்தான். வாய் ஓயாத பையன், தொட்டிமேல் ஏறுவான், சுவர்மேல் நடப்பான். வினுபாய்க்கும் அவனுக்கும் ஆகாது. "மச்சான் வந்தா மாடியே ஆடுது" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ரிங்கல் நூல் உருளையைப் பிடித்துக்கொண்டு, "காகா, நீங்க ஒண்ணு விடுங்க, பார்ப்போம்" என்றாள். சித்தப்பாவை அங்கே காகா என்பார்கள். கிரீட்பாய் வாங்கினார். சிறு வயதில் கற்ற கை மறக்கவில்லை. ஒரு பட்டத்தை அறுத்தார், அடுத்ததையும் அறுத்தார். எதிர்மாடிக்காரர்கள் திட்டத் தொடங்கினார்கள். "காகா இல்ல இவரு, கத்தி!" என்று ரிங்கல் குதித்தாள். கிரீட்பாயும் ஒரு கூச்சல் போட்டார். தம்முடைய தொண்டையா இது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் நூல் தொட்டிக் குழாயில் மாட்டிக்கொண்டது. பட்டம் உச்சியில் துடிக்கிறது, எதிரி நூல் நெருங்குகிறது. கிரீட்பாய் தாவினார். இடது கையால் குழாயைப் பிடித்து, வலது குதிகாலைத் தகட்டின் கீழ்ப்பக்கத்தில் ஊன்றி, எட்டி நூலை விடுவித்தார். காலுக்கடியில் 'டக்' என்றது. அப்பளம் ஒடிவது போன்ற சின்னச் சத்தம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் இருக்கிற மெல்லிய சில்லு போயிற்று. அந்தச் சத்தம் இன்னதென்று அந்த மாடியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ஜிலேபி எடுத்துக்குங்க பாய், உந்தியுக் கறி ஆறிப்போகுது" என்றாள் இலாபென். அவர் எடுத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் சொன்னால் தாம் யாரென்றும் சொல்ல வேண்டும். தாம் யாரென்று தெரிந்துவிட்டால் அடுத்த உத்தராயணுக்கு மாடியிலிருந்து இலாபென்னின் கை ஆடாது. அவர் இன்னொரு ஜிலேபியை எடுத்துக்கொண்டார்.

பிறகு அந்த வீட்டிலிருந்து கிண்ணங்கள் வர ஆரம்பித்தன. ஒரு நாள் பருப்பில் கோதுமைத் துண்டுகளை வேகவைத்த தால் டோக்ளி, ஒரு நாள் கத்தரிக்காய். வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தரக்கூடாது என்று அவர் சர்க்கரை போட்டுக் கொடுப்பார். "எங்க வீட்டுக்கே சர்க்கரை வியாதி வர வெச்சுடுவீங்க போலிருக்கே!" என்று இலாபென் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வினுபாய் சந்தில் நின்று, "மோட்டாபாய், காட்டியா வாங்கியாச்சு!" என்று குரல் கொடுப்பார். போகும்போது கிரீட்பாய் சந்தோஷமாகப் போவார். திரும்பி வரும்போது தலைக்குமேல் இருக்கிற அந்தத் தகட்டின் நினைப்பும் கூடவே வரும்.

வெயில் முற்றியபோது வினுபாய் புலம்பினார். "வெயில் ஏறுது, கரண்டு இறங்குது. ஒரு தகட்டுல நத்தை ஊர்ந்த மாதிரி கறுப்பா கோடு. கம்பெனிக்கு எழுதிப் போட்டாச்சு. ஒருத்தன் வருவானாம். எதைக் கேட்டாலும் வராது, வராதுன்னு சொல்ற ஆளாம். அன்னிக்கு நீங்க கூட நில்லுங்க, மோட்டாபாய். இந்த வாரண்டிப் பேச்செல்லாம் எனக்குப் பிடிபடாது."

"நிக்கறேன்" என்றார் கிரீட்பாய்.

மறுநாள் அந்தப் புகார் அவர் போனுக்கே வந்து சேர்ந்தது. தகடு செய்ததிலேயே கோளாறு என்று ஒரு வரி எழுதினால் போதும். கம்பெனி மறுபேச்சில்லாமல் புதுத் தகடு அனுப்பிவிடும். இத்தனை வருஷம் எல்லோருக்கும் இல்லை சொல்லிச் சம்பாதித்த நம்பிக்கை அது. மாட்டியவன் திருகாணியை முறுக்கியதில் விரிசல் விட்டது என்றும் எழுதலாம். அப்படிச் செய்தால் யாரோ ஓர் ஏழை ஃபிட்டர் தலையில் விழும். ராஜ்கோட்டில் இதே வேலை பார்க்கிற ஆளை அனுப்பச் சொல்லலாம். அவன் மிதித்தது என்று கண்டுபிடித்து, 'வராது' என்று சொல்லிவிட்டுப் போவான். நஷ்டம் வினுபாய்க்கு, கிண்ணம் மட்டும் இவருக்கு. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே சட்டையைப் போட்டார். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் எதிர்வீட்டுக்குப் போனார்.

"என்ன பாய், பையெல்லாம் மாட்டிக்கிட்டு?" என்றாள் இலாபென்.

"வரப்போற ஆளு நான்தான், பென்."

வினுபாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, உள்வீட்டு ஆளு! அப்புறம் என்ன கவலை? கம்பெனி தப்புன்னு எழுதுங்க, நான் டீ சொல்றேன்."

மாடி கொதித்துக்கொண்டிருந்தது. கிரீட்பாய் அன்றைக்குக் கைப்பிடிச் சுவரைப் பார்க்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. நேராகத் தொட்டியை ஒட்டிய தகட்டுக்குப் போய்ப் பனியன் துணியால் துடைத்தார். கீழ் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே ஓரிடத்தில் தொடங்கி நாலா பக்கமும் கறுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. கேமராவில் அந்த இடம் மட்டும் கங்குபோல் தெரிந்தது.

"இது செஞ்சதுல வந்த கோளாறு இல்ல, வினுபாய். ஒரு தகடு நொண்டினா அதோட கோத்த மத்ததும் மெதுவாத்தான் நடக்கும், அதான் கரண்டு குறைஞ்சிருக்கு. இது... யாரோ மிதிச்சிருக்காங்க. மிதிச்சதுக்கு வாரண்டி கிடையாது."

'யாரோ' என்று ஏன் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது வேறு வார்த்தை.

வினுபாயின் சிரிப்பு நின்றது. "யாரோ என்ன யாரோ? எனக்குத் தெரியாதா? உன் தம்பிதான் இலா! அன்னிக்குக் குரங்கு மாதிரி இங்கதானே தாவிக்கிட்டிருந்தான்?"

"எது உடைஞ்சாலும் என் தம்பியா? நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? இவரு பெரிய ஆளு, இவரே சொல்றாரு மிதிச்சதுன்னு! இனிமே அவன் இந்த வீட்டுப் படி ஏறட்டும், பார்க்கறேன்." வினுபாய் போனை எடுத்து எண்ணைத் தட்டினார். இலாபென் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூடப் பிறந்தவன்னு எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்" என்றாள். எதிர்முனையில் மணி அடித்தது.

கிரீட்பாய் கேமராவைப் பைக்குள் வைத்தார். வலது செருப்பைக் கழற்றினார். இடது கையால் தொட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி, அந்தக் கோடுகளெல்லாம் வந்து கூடுகிற இடத்துக்கு நேர்மேலே, கண்ணாடியில் படாமல் குதிகாலை வைத்துப் பிடித்தார். கண்ணாடியின் கொதிப்பு உள்ளங்காலில் ஏறியது. இலாபென் முதலில் பார்த்தாள். பிறகு வினுபாயும் குனிந்து, காலைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார், குழாயைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்தார். போனுக்குள் கேதன், "ஜீஜு? சொல்லுங்க ஜீஜு, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கிரீட்பாய் காலை எடுக்கவில்லை.