பலாப் பால் ஒட்டிய கை

என் வீட்டுக்காரரின் கையை எத்தனை தடவை அழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது என் வேலையாக இருந்தது.

புரியும்படி சொல்கிறேன். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றதும் அவர் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். வாங்கியவர் பூவையோ பேரனையோ எடுத்துக்கொண்டிருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்காது. அவருக்குப் பனோரமா பைத்தியம் பிடித்தது. ஒரே இடத்தில் நின்று, இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஒரு மலைக்குப் பத்துப் பன்னிரண்டு படம் எடுப்பார். முந்தைய படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் கொஞ்சம் விழ வேண்டும். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டால், மகள் ஏற்றித் தந்த சாப்ட்வேர் அந்த ஓரங்களைப் பொருத்தி எல்லாவற்றையும் ஒரே நீளப் படமாக ஒட்டிவிடும்.

"ஏனுங்க, ஒரு மலைக்கு எதுக்குங்க இத்தன படம்?" என்று கேட்டால், "ஏம்புள்ள, மலை பூராவும் ஒண்ணுல அடங்குமா?" என்பார். எனக்கு அடங்கித்தான் இருந்தது. அவர் எடுத்து முடிக்கும்வரை நான் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்று, குறுக்கே வருகிறவர்களை மறித்துக்கொண்டிருப்பேன்.

வரிசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிறகு குழம்பாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் படத்துக்கு முன்னால் தன் இடது உள்ளங்கையை விரித்து லென்ஸுக்கு எதிரே பிடித்து ஒரு படம் எடுப்பார். கடைசிப் படத்துக்குப் பிறகும் அதே கையை இன்னொரு தடவை எடுப்பார். இரண்டு கைகளுக்கு நடுவில் இருப்பது ஒரு மலை. ஒட்டி முடித்ததும், "புள்ள, கைய அழிச்சுரு" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டுக் காப்பிக்குக் காத்திருப்பார். முடியாத வரிசையின் கையை அழிக்கக் கூடாது, முடிந்ததன் கையை வைத்திருக்கக் கூடாது. அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். வீட்டைக் கூட்டிப் பெருக்குவது போலத்தான் நானும் அழித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அவர் எடுத்தது கொல்லிமலையில். எங்கள் ஊர் பேளுக்குறிச்சிக்குப் பக்கம். மலைக்குப் போவது எங்களுக்குச் சந்தைக்குப் போவது மாதிரிதான். திண்ணனூர் நாடு என்கிற மலைக்கிராமத்துப் பக்கம் ரோட்டோரமாக ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால் இடது கைப் பக்கம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் மரவள்ளிக் காடும், வலது கைப் பக்கம் அடிவாரத்தில் எங்கள் ஊரும் தெரியும். பாறைக்குக் கீழே மலைக்காரப் பெண் ஒருத்தி பழக்கூடை வைத்திருப்பாள். அது பலாப் பருவம். சுளை வாங்கித் தின்றவர் சும்மா இராமல், அவளுக்குப் பழம் பிளந்து தருகிறேன் என்று போய் உள்ளங்கை முழுக்கப் பாலை ஒட்ட வைத்துக்கொண்டார்.

"எண்ணெ வாங்கிப் போட்டுத் தொடைங்க" என்றேன்.

"ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, அந்தக் கையையே விரித்துப் படம் எடுத்துவிட்டு வரிசையைத் தொடங்கினார்.

பாதிக்கு மேல் போயிருப்பார். கீழேயிருந்து மேகம் ஏறி வந்து வலது பக்கத்தை அடைத்துவிட்டது. வெறும் வெள்ளையாக எடுத்தால் சாப்ட்வேருக்குப் பொருத்திப் பார்க்க ஒரு மரமோ பாறையோ கிடைக்காது, ஒட்டவும் ஒட்டாது. காத்திருந்தோம். விலகவில்லை. "நம்மூருப் பக்கமாப் பாத்து மூடிக்கிச்சு பாரு. அடுத்த வாரம் வந்து மீதிய எடுத்துக்கலாம்" என்று கேமராவை உறையில் போட்டார். வரிசை முடியாததால் கடைசிக் கையைப் படம் எடுக்கவில்லை.

அந்த வாரத்துக்குள் அவர் போய்விட்டார். காலையில் பல் துலக்கப் போனவர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. "அழுதுரு கண்ணு, உள்ள வெச்சுக்காத" என்று சொந்தக்காரப் பெண்கள் முதுகைத் தடவினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தொட்டால் தெரியும், வலிக்காது. எழுந்தேன், சமைத்தேன், டிவி பார்த்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது பேசியிருப்பார்கள். பேசட்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

தலைத்திவசத்துக்கு இரண்டு மாசம் இருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்தாள். கேமராவிலிருந்த கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தவள், "அம்மா, அப்பா கடசியா எடுத்தது பாதியில நிக்குதும்மா. மீதிய எடுத்துட்டு வந்தா நான் ஒட்டிப் பெரிசாப் போட்டுத் தாரேன். திவசத்தன்னைக்கு மாட்டிரலாம்" என்றாள். தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவர் எங்கே கால் வைத்து நிற்பார் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் வைத்திருந்த அளவுகளையே கேமராவில் வைத்து, "எதையும் திருகிராதம்மா" என்று கையில் கொடுத்தாள். அவருடைய கடைசிப் படத்தை என் போனில் போட்டும் தந்தாள். அதன் வலது ஓரத்தில் தலை முறிந்த சில்வர் ஓக் ஒன்று நின்றது. அந்த மரம் என் முதல் படத்தின் இடது ஓரத்தில் வர வேண்டும். அங்கிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பங்குனி வெயிலில் மலை காய்ந்து கிடந்தது. மேகம் மருந்துக்கும் இல்லை. பலா பிஞ்சாகத் தொங்கியது. அதே பெண் இப்போது மலைவாழைப் பழமும் மிளகும் வைத்திருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அய்யா வரலீங்களா?"

"இல்லீங்க."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். கூடையை நகர்த்திப் பாறைக்கு வழி விட்டாள்.

பாறையில் ஏறி மரத்தை ஓரத்தில் பிடித்து எடுக்க ஆரம்பித்தேன். பைக்கில் வந்த கூட்டம் ஒன்று பாறைக்கு முன்னால் வந்து செல்பி எடுக்கத் தொடங்கியது. "ஏனுங் தம்பி, செத்தத் தள்ளிக்கங்க, அந்தம்மா படம் எடுக்கறாங்கள்ல" என்று அவள் விரட்டினாள். அது என் வேலை. வேறொருத்தி செய்து இப்போதுதான் பார்க்கிறேன். கைப்பிடிச் சுவர், இறங்கும் ரோடு, அடிவாரம், கடைசியில் தூசிக்குள் எங்கள் ஊர். எல்லாம் தெளிவாக விழுந்தது. கேமராவை இறக்கினேன்.

"கையப் படம் புடிக்கலீங்களா? அய்யா எப்பவும் புடிப்பாங்களே" என்றாள்.

என் இடது கை தானாகவே எழுந்துவிட்டது. லென்ஸுக்கு எதிரே விரித்துப் பிடித்தேன். திரையில் என் ரேகைகள் தெரிந்தன. பட்டனில் விரல் இருந்தது. அழுத்தினால் வரிசை முடிந்துவிடும். நான் அழுத்தவில்லை. கேமராவை உறையில் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

மறுநாள் மகள் ஒட்டினாள். அவர் எடுத்த பக்கம் மழைப் பச்சை, நான் எடுத்த பக்கம் வெயில் மஞ்சள். முறிந்த மரத்தில் இரண்டும் சேர்ந்திருந்தன. அவள் நிறத்தைச் சரிசெய்யப் பார்த்தாள், ஒத்துவரவில்லை. "இப்பிடியே இருக்கட்டும்" என்றேன். பிறகு அவள் அப்பாவைப் போலவே லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.

"எல்லாம் ஆச்சு. இந்தக் கை மட்டும் இருக்குது. அழிச்சர்றியாம்மா?"

திரை முழுக்க அவருடைய கை இருந்தது. விரல் இடுக்கெல்லாம் பலாப் பால். அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. இத்தனை வருஷமாக நான் அழித்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

"இன்னும் முடியல சாமி" என்றேன். "கடசிக் கை எடுக்கல. அது வராம அழிக்கக் கூடாது."

நான் முந்தானையைப் பிடித்துத் திரையிலிருந்த அந்த உள்ளங்கையைத் துடைத்தேன். எண்ணெய் போட்டுத் துடைங்க என்று அன்றைக்கே சொன்னேன். கேட்டால்தானே. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.